புசல்லாவைக் கொண்டக்டரும் பில்லியர்ட் மண்டபமும்

கண்டி நகரத்தில் கட்டடம் கட்டியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இடித்தவர்கள் அதைவிடக் கூட. ஆனால் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவதற்காக அதன் வாசலில் ஒரு முழு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குள் நாற்பது கிழடுகளை ஏற்றி, ஆறு கிழமை ஓர் அங்குலமும் நகராமல் சேவை நடத்திய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் முதியோர் பகல் நிலையத்தின் செயலாளர் என்ற முறையில் அங்கத்தவர் பதிவேட்டில் அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர் திரும்பிப் பார்க்கமாட்டார். கொண்டக்டர் என்றால்தான் திரும்புவார்.

ஊர் புசல்லாவை. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் நின்றவர். நின்றவர் என்பதைக் கவனியுங்கள். ஓய்வு பெற்றபோது அவருக்கு உட்காரும் பழக்கம் அடியோடு அற்றுப்போயிருந்தது. பகல் சாப்பாடு நின்றுகொண்டு. பத்திரிகை நின்றுகொண்டு. கரம் ஆட்டமும் நின்றுகொண்டு. மத்தியானம் எங்களுக்கெல்லாம் கண் சொக்கும் நேரத்தில் அவருக்கும் சொக்கும். கதவு நிலையின் மேல்கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை இலேசாக வளைத்து, நின்றபடியே ஒரு குட்டித் தூக்கம் போடுவார். வீதியால் லொறி ஒன்று போனால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். கண் திறக்காது.

தினமும் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வருவார். வர இரண்டு மணித்தியாலம், போக இரண்டு.

"உங்கட ஊரிலயே ஒரு முதியோர் சங்கம் இருக்காமே. ஏன் இவ்வளவு தூரம் அலையிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நடந்து போற தூரத்தில இருக்குங்க ஐயா" என்றார் முகத்தைச் சுளித்து. "நடந்து போற எடத்துக்கெல்லாம் போயி என்னங்க செய்யிறது?"

எங்கள் ஒருவருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. யார் எங்கே இறங்குவார் என்பதுதான் கணக்கு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அரசாங்க உத்தியோகத்தில் கண்டிக்கு வந்து, குண்டசாலையில் வீடு கட்டிக் குடியேறிய நான் அவருக்குக் 'குண்டசாலை ஐயா'. எங்கள் தலைவர், துணிக்கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு வந்தவர், 'கம்பளை ஹாஜியார்'. எழுபத்தெட்டு வயதில் கரம் ஆட்டத்தில் ஆண்கள் அத்தனை பேரையும் அழவைக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை 'தெல்தெனிய டீச்சர்'. "பேரு மறந்திருமுங்க. எறங்குற எடம் மறக்காது" என்பது அவர் தந்த விளக்கம்.

இனி, கட்டடம். வெள்ளைக்காரத் துரைமார் பில்லியர்ட் ஆடுவதற்கென்றே கட்டிய மண்டபம் அது. தோட்டங்களிலிருந்து சனிக்கிழமைகளில் குதிரையில் இறங்கி வந்து ஆடுவார்களாம். துரைமார் போனபின் அது மருந்துச்சாலையாக இருந்தது, பிறகு அரிசிக் கூப்பன் கொடுக்கும் இடமாக இருந்தது, கடைசியில் எங்களிடம் வந்தது. நல்ல உயரமான கூரை, நடுவில் முதிரை மரத்தில் ஒரே துண்டாக ஓர் உத்தரம், முன்பக்கம் மரக் கம்பிகள் வைத்த நீண்ட விறாந்தை. பார்த்தால் கும்பிடத் தோன்றும். உள்ளே போனால் குடை பிடிக்கத் தோன்றும். வெளியே ஒரு மணித்தியாலம் பெய்யும் மழை எங்கள் மண்டபத்துக்குள் நாலு மணித்தியாலம் பெய்யும். குரங்குகள் ஓட்டைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கும். கரத்தில் யார் வெல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, கழற்றிய ஓட்டைத் திரும்ப வைக்காமல் போய்விடும். நாற்பது அங்கத்தவருக்கு இருபத்திரண்டு கதிரைகள். அந்த வகையில் கொண்டக்டரை எங்களுக்குப் பிடிக்கும். கதிரைக்குப் போட்டியிடாத ஒரே அங்கத்தவர்.

இப்படிக் காலம் போய்க்கொண்டிருக்கையில், கட்டடத்தைச் சோதிக்க ஒரு பொறியியலாளர் வந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்பிள்ளை. மரியாதையானவர். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தார். 'தரை: தற்போதைக்குப் பரவாயில்லை' என்று அவர் எழுதி முடிப்பதற்கும், அவருடைய வலது கால் முழங்கால்வரை பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போவதற்கும் சரியாக இருந்தது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர் கொண்டக்டர்.

"மிதிபலகை பாத்து எறங்கணும் மிஸ்" என்றார் அக்கறையாக.

அதன் பலனாக, இரண்டு கிழமையில் ஒரு கடிதம் வந்தது. காணி எந்த அலுவலகத்துக்குச் சொந்தமோ அங்கிருந்து. கட்டடம் ஆபத்தானது, ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும், தற்காலிகமாக வேறோர் அறை தரப்படும். அந்த அறையை நானும் ஹாஜியாரும் போய்ப் பார்த்தோம். அதாவது, பார்க்கப் போனோம். மலைச்சரிவில் அறுபத்திரண்டு படிகள். முப்பதாவது படியில் ஹாஜியார் உட்கார்ந்துவிட்டார்.

"செயலாளர், நீங்க மேல பெய்த்துப் பாத்துட்டு வாங்க. நான் இங்கினையே மவுத்தாகிறன்" என்றார்.

கடிதம் கொண்டுவந்த அதிகாரி எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். நன்றாகத் தமிழ் பேசுவார். பேசாமலிருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நினைக்கும்படி பேசுவார். "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய மண்டபம்? வாவி தெரிகிற இடம் வேறு" என்றார் விறாந்தையில் நின்று. அவர் போனபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நாங்கள் போனால், திருத்தி, உல்லாசப் பயணிகளுக்கான தேநீர் விடுதி ஆக்குவதாகத் திட்டம்.

அவசரக் கூட்டம் கூட்டினோம். பொறியியலாளரையும் அழைத்திருந்தோம். அந்தப் பெண்பிள்ளைக்கு எங்கள்மீது, தரையில் அகப்பட்ட காலையும் மீறி, ஓர் இரக்கம் வந்திருந்தது. அவர் சிங்களத்தில் ஒரு வழி சொன்னார். பழைய கட்டடங்களைத் திருத்தவென்று ஒரு நிதியம் உதவி தருகிறது. ஆனால் திருத்தினால் மட்டும் போதாது. முதியோர் நிலையம் என்றால் சக்கர நாற்காலி போகக்கூடிய கழிப்பறை வேண்டும், வைத்தியர் வந்து பார்க்க ஓர் அறை வேண்டும், ஒழுங்கான குசினி வேண்டும். அதற்கெல்லாம் கட்டடத்தைப் பெருப்பிக்க வேண்டும். முன்பக்கம் தொடக்கூடாது, அது பழைமை. பக்கவாட்டில் வீதி. பின்னால் காடு பிடித்த மண்மேடு.

"இடமே இல்லையே" என்று கையை விரித்தார்.

கதவடியில் நின்ற கொண்டக்டர் தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருடம் கண்டி, பேராதனை, கம்பளைச் சனங்கள் கேட்டுக் கேட்டுச் சபித்த குரலில் சொன்னார்:

"பின்னால எடமிருக்கு!"

கூட்டம் சிரித்துத் தள்ளியது. தெல்தெனிய டீச்சருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "இந்த மனுசன் நெறஞ்ச பஸ்ஸிலயும் இதையேதான் சொல்லியிருப்பாரு!"

"சொல்லியிருக்கேங்க. ஒரு தடவைகூட இல்லாம இருந்ததில்லீங்க" என்றார் கொண்டக்டர், சிரிக்காமல்.

மறுநாள் ஒரு கத்தியோடு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கத்துப் புதருக்குள் இறங்கினார். அரை மணித்தியாலம் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டோம். ஹாஜியார் ஓதத் தொடங்கிவிட்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து, இரண்டு காலிலும் அட்டை தொங்க, தலையில் சிலந்திவலையோடு, மனிதர் மறுபக்கத்தால் ஏறி வந்தார்.

"ஒரு பஸ் நீளம். அதுக்குப் பின்னால ஒரு வேனும் நிக்கும்" என்றார். "மண்மேடு ஒண்ணுமில்லீங்க. வருசக் கணக்கா விழுந்த எலையும் குப்பையுந்தான். அடியில கல்லுத் தரை இருக்கு. மூலையில எழுத்து வெட்டின கல்லு ரெண்டு."

அவருக்கு அடிக்கணக்கு, மீற்றர்க்கணக்கு எதுவும் வராது. நீளம் என்றால் பஸ். அகலம் என்றால் சீற். பொறியியலாளர் நாடாவோடு வந்து அளந்தார். ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் என்ன நீளமோ அதேதான், ஒரு சாண் வித்தியாசமில்லை. அது துரைமாரின் குதிரை கட்டிய இடமாம். நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, காணியின் பழைய வரைபடத்தில் ஒரு பிரதி எடுத்தேன். மூலைக் கற்கள் இரண்டும் அதில் அச்சொட்டாக இருந்தன. அத்தனை காலமும் எங்களுடைய காணியில் பாதியைக் குப்பை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். வரைபடத்தைக் கையில் பிடித்தபடி பொறியியலாளர் கொண்டக்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பல்கலைக்கழகத்தில் அவர் எந்தப் பேராசிரியரையும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். அதோடு தன் காலில் ஏறிய அட்டையையும் பார்த்து ஒரு கத்துக் கத்தினார்.

உதவி கிடைத்தது; திருத்தப்போகிற கட்டடத்தை ஆபத்தானது என்று சொல்ல முடியாமல் வெளியேற்றும் கடிதமும் செல்லாமல் போனது. ஆனால் கறுப்புக் கண்ணாடி சும்மா இருக்கவில்லை. எங்களுக்குக் கட்டடம் தந்த பழைய உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது: நிலையம் மேற்படி இடத்தில் தொடர்ந்து முப்பது நாள் இயங்காவிட்டால் கட்டடம் அலுவலகத்துக்கே திரும்பும். கூரையைக் கழற்றி, உத்தரத்தைத் திருத்தி, தரையைப் புதிதாகப் போட ஆறு கிழமை வேண்டும். அந்த ஆறு கிழமையும் உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது என்று பொறியியலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தோராவது நாள் அதிகாரி பூட்டோடு வந்து நிற்பார். இது எங்கள் எல்லாருக்கும் விளங்கிற்று.

ஹாஜியார் தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ், தப்ப வழி ஈக்கிதா?"

நான் சொன்னேன்: "வேற வழியில்லை. படியேறத்தான் வேணும். திரும்பி வரலாம்தானே."

"வரமாட்டோங்க ஐயா" என்றார் கொண்டக்டர். முதல் முறையாக அவர் குரலில் கோபம் கேட்டது. "பஸ் வாசல்ல எறங்கி வழி விடுங்கன்னு சொல்லுவோம். பாவம், நல்ல மனுசன் எறங்குவாரு. அப்புறம் அவரு ஏறுனதை நான் பாத்ததே இல்ல. எறங்காதீங்க. மூணு நாள் குடுங்க எனக்கு."

மூன்றாம் நாள் பஸ் வந்தது.

அவரோடு இருபது வருடம் ஓடிய சாரதி ஒருவர் கம்பளையில் இருந்தார். சிங்களவர். அவரிடம் இரும்புக்குக் கொடுப்பதற்காக நிறுத்தியிருந்த பழைய பஸ் ஒன்று. அது ஏற்றத்தில் ஏறி எங்கள் சந்திக்கு வந்தபோது ஊரே புகையில் மறைந்தது. அதை எங்கள் முற்றத்துக்குள் பின்பக்கமாக எடுக்க வேண்டும். கேற்றுக்கும் பஸ்ஸுக்கும் இடையில் இரு பக்கமும் ஒவ்வொரு உள்ளங்கை. கொண்டக்டர் பின்னால் நின்று, பஸ்ஸின் தகட்டில் தட்டித் தட்டி, சிங்களத்தில் கூப்பிட்டார்: "என்ன, என்ன, என்ன..." சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள் என்று பொருள். தமிழில் என்ன பொருள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பஸ்ஸின் பின்பக்கம் விறாந்தையை நெருங்கியதும் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார். பார்த்தால், பஸ் போகும் பாதையில் ஹாஜியார் நிற்கிறார். அவருக்குக் காது மந்தம். காதில் வைக்கும் கருவியை, பற்றரி கரைந்துவிடும் என்று, எப்போதும் சட்டைப் பைக்குள்தான் வைத்திருப்பார்.

"ஹாஜியார், தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார் கொண்டக்டர்.

"என்ன?" என்றார் ஹாஜியார், உரத்து.

சாரதி இரண்டடி பின்னால் வந்தார்.

"தள்ளி நில்லுங்க!"

"என்ன? என்ன?"

பஸ் இன்னும் மூன்றடி வந்தது. நான் ஓடிப்போய் ஹாஜியாரின் சாரத்தைப் பிடித்து இழுக்க, பஸ் முற்றத்துக் கொய்யா மரத்தை மெதுவாகச் சரித்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அத்தோடு இயந்திரம் செத்துப்போனது. அதற்குப் பிறகு அது உயிர்க்கவேயில்லை.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு எங்கள் முதியோர் நிலையம் பஸ்ஸுக்குள் ஆரம்பமாயிற்று. வாசலில் கொண்டக்டர் தோல்பையோடு நின்றார். பழைய டிக்கட் புத்தகங்கள் அவரிடம் கட்டுக்கட்டாக இருந்தன. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கட். திகதியைப் பேனையால் எழுதிக் கொடுப்பார். அடித்தாளை எனக்குத் தருவார், நான் பதிவேட்டில் ஒட்டுவேன். பின் சீற்றில் கரம் பலகை. சாரதியின் ஆசனத்தில் தாதி ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் இரத்த அழுத்தம் பார்த்தார். 'கர்ப்பிணித் தாய்மாருக்கு' என்று எழுதியிருந்த ஆசனத்தில் எங்கள் மூத்த அங்கத்தவர், எண்பத்தொன்பது வயதுப் பெரியவர், அசையாமல் உட்கார்ந்துகொண்டார். கேட்டால், "வேற எடத்தில முதுகு வலிக்குது" என்றார். ஒருநாள் சந்தைப் பையோடு ஓர் அம்மா ஏறி, யன்னலோரம் உட்கார்ந்து, இருபது நிமிடம் கழித்து, "பேராதனைக்கு எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டார். தேத்தண்ணி கொடுத்து விஷயத்தைச் சொன்னோம். அவர் இப்போது எங்கள் பொருளாளர்.

எங்களுக்குப் பின்னால், பஸ்ஸின் பின்யன்னல் வழியே தெரிய, மண்டபம் உருமாறிக்கொண்டிருந்தது. ஓடுகள் இறங்கின. உத்தரத்தின் ஒரு முனை மட்டும் கறையான் அரித்திருந்தது. அதை வெட்டி, பழைய முதிரை மரம் தேடிப் பிடித்து ஒட்டுப் போட்டார் தச்சு பாஸ். கொண்டக்டர் தினம் பத்து முறை சாரம் கட்டிய பலகைகளில் ஏறிப் போய்ப் பார்ப்பார். எதையும் பிடிக்கமாட்டார். எழுபது வயதில், கண்டி மழையில் நனைந்த பலகையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். "பாஸ், ஒரு மனிதனை எப்படி இறக்குவது?" என்று பொறியியலாளர் தச்சரிடம் கெஞ்சியதைக் கேட்டிருக்கிறேன். தரைப் பலகைகளைக் கிளப்பியபோது அடியில் மஞ்சளாய்ப் போன ஒரு பில்லியர்ட் பந்து கிடந்தது. தெல்தெனிய டீச்சர் அதை வாங்கித் துடைத்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்க எவருக்கும் தைரியம் வரவில்லை.

முப்பத்தோராவது நாள், சொல்லிவைத்தாற்போல, கறுப்புக் கண்ணாடி வந்தார். கையில் கமெரா, படிவம், புதுப் பூட்டு.

"கட்டடத்தில் ஒருவரும் இல்லை. ஒரு மாதம் மூடிக் கிடந்திருக்கிறது" என்றார், எழுதிக்கொண்டே.

"கட்டடத்திலன்னு யாருங்க சொன்னா?" என்றார் கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி. "குண்டசாலை ஐயா, அந்த வரிய வாசிங்க."

நான் எழுந்து, உத்தியோக காலத்துக் குரலில் வாசித்தேன்: "'மேற்படி இடத்தில்'. கட்டடத்தில் எண்டு ஒரு சொல்லும் இல்லை. இஞ்ச பாருங்கோ, முப்பது நாள் டிக்கட்டும் திகதியோட ஒட்டியிருக்கு."

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவருக்குக் கண்கள் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பிறகு முகம் மலர்ந்தது. "பஸ்ஸின் முன்பக்கம் வீதியில் நிற்கிறது. வீதி உங்கள் இடம் இல்லை!"

பொறியியலாளர் நாடாவை எடுத்துக்கொண்டு போய் எல்லைக் கல்லிலிருந்து பிடித்தார். நாங்கள் நாற்பது பேரும் ஒரு பக்க யன்னல்களில் குவிந்ததில் பஸ் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் இரண்டு முறை அளந்தார். நிமிர்ந்தார்.

"நாலு அங்குலம் உள்ளே."

ஹாஜியார் மட்டும் அன்று 'என்ன? என்ன?' என்று கேட்காமல் இருந்திருந்தால் பஸ்ஸின் மூக்கு நாலடிக்கு மேல் வீதியில் நின்றிருக்கும். பஸ்ஸே அதிர நாங்கள் கை தட்டினோம். டீச்சர் ஹாஜியாரின் காதருகே போய் விஷயத்தைக் கத்தினார். தான்தான் நிலையத்தைக் காப்பாற்றினேன் என்று அவர் அன்றைக்குத் தெரிந்துகொண்டார். இன்றுவரை மறக்கவில்லை, எங்களை மறக்க விடவுமில்லை.

அதிகாரி திரும்பிப் போக எத்தனிக்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. கண்டி மழை. குடை காரில், கார் வீதிக்கு அந்தப் பக்கம்.

"ஏறுங்க சேர், நனையாதீங்க" என்றார் கொண்டக்டர். ஏறினார். ஒரு டிக்கட் கிழித்து அவர் கையில் கொடுத்தார். "அப்படியே உள்ளுக்குப் போங்க."

இரண்டு மணித்தியாலம் மழை விடவில்லை. உட்கார இடமில்லாமல் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைப் பார்த்து எண்பத்தொன்பது வயதுப் பெரியவருக்கே மனம் இளகி, கர்ப்பிணித் தாய்மாரின் ஆசனத்தில் பாதியைக் கொடுத்தார். டீச்சர் கரத்துக்கு அழைத்தார். மூன்று ஆட்டமும் தோற்றார் அதிகாரி. மூன்றாவதில் ஒரு காயையும் போட விடவில்லை டீச்சர். மழை விட்டபோது படிவத்தில் 'இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். பூட்டை மறந்து விட்டுப் போனார். அதைத்தான் இப்போது குசினிக் கதவுக்குப் போட்டிருக்கிறோம்.

எல்லாரும் போனபின் நானும் கொண்டக்டரும் மட்டும் பஸ்ஸில் நின்றோம். பகல் வெளிச்சம் திரும்பியிருந்தது, ஓடில்லாத மண்டபத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்கோ. ஏன் இவ்வளவு பிடிவாதம்? நீங்கள் அந்தக் கதிரையில ஒருநாளும் இருந்ததில்லையே" என்றேன்.

அவர் டிக்கட் புத்தகத்தைப் பையில் வைத்தார். "முப்பத்தஞ்சு வருசமா எல்லாரையும் எறக்கிவிட்டேங்க ஐயா. யாரு எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியும். கடைசி நாள் பைய ஒப்படைச்சிட்டு பஸ் ஸ்டான்ட்ல நிக்கிறேன். நான் எங்க எறங்கணும்னு தெரியல. ஒரு வருசம் சும்மா கண்டிக்கு வந்து வந்து போனேன். ஒருநாள் மழைக்கு இந்த விறாந்தையில ஒதுங்கினேன். நீங்கதான் வெளிய வந்து, 'உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிக்கலாம்' அப்படீன்னீங்க."

எனக்கு அது நினைவேயில்லை. மனைவி காலமான வருடமாக இருக்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்குப் போக மனமில்லாமல் விறாந்தையில் நிற்கிற எல்லாரையும் நான் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. "ஓம், இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

செத்த பஸ்ஸைக் கட்டி இழுத்து அப்புறப்படுத்தி, பின்பகுதியையும் கட்டி முடித்தபின் வந்த திறப்பு விழா அன்று கண்டி வெயிலும் எங்கள் பக்கம். துரைமார் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய வெள்ளைச் சுவர், மினுமினுக்கும் முதிரை உத்தரம், குரங்கு தலைகீழாக நின்றாலும் கழற்ற முடியாத ஓடு. விறாந்தை பழையபடியே, ஒரு கம்பி மாறாமல். மண்டபத்தைத் தாண்டிப் பின்னால் போனால், குதிரை நின்ற இடத்தில் புதுப் பகுதி: வைத்தியருக்கு அறை, கைபிடி வைத்த கழிப்பறைகள், நாலு அடுப்புக் குசினி, மலை தெரிகிற அகலமான யன்னல்கள். ஒரு படிகூட இல்லை. வாசலிலிருந்து பின்சுவர்வரை சக்கர நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். பொறியியலாளர் தன் தாய் தகப்பனோடு வந்திருந்தார். புதுத் தரையில் வலது காலை ஊன்றி மூன்று முறை குதித்துக் காட்டினார். நாற்பது பேரும் எண்ணினோம்.

விழாவின் நடுவில் கறுப்புக் கண்ணாடி வந்தார். எல்லாரும் விறைத்துப்போனோம். அவர் காரின் பின்கதவைத் திறந்து ஒரு சக்கர நாற்காலியை இறக்கினார். அதில் ஒரு கிழவி, வெள்ளைச் சேலை, அவருடைய தாய்.

"அங்கத்தவராகச் சேர்க்கலாமா?" என்று என்னிடம் கேட்டார், மெல்லிய குரலில். "வீட்டில் பகலில் தனியே இருக்கிறார். கரம் நன்றாக விளையாடுவார்."

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அன்றைக்கு மத்தியானம் நடந்த ஆட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். டீச்சர் தோற்றார் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். மண்டபம் இடிந்துவிடுமோ என்று பயப்படும்படி சத்தம் போட்டோம். இடியவில்லை. தச்சு பாஸின் வேலை அப்படி.

அங்கத்தவர் தொகை இப்போது கூடிவிட்டது, கதிரைகளும் கூடிவிட்டன. போன மாதம் கொண்டக்டருக்குக் காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் காலை, ஒருவரும் ஒருவரிடமும் சொல்லாமலே, ஏறத்தாழ முப்பது பேர் புசல்லாவை பஸ்ஸுக்கு வரிசையில் நின்றோம். ஹாஜியார் காதுக் கருவியைக் காதிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

தேயிலைக்கு நடுவில் சின்ன வீடு. மருமகள் முப்பது பேருக்கும் பால் விடாத பிளேன்டி ஊற்றியே களைத்துப்போனாள். கொண்டக்டர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். வயசான காலத்தில் இவ்வளவு தூரம் வருவதா, மழை வந்தால் என்ன செய்வீர்கள், டீச்சருக்கு வளைவுகளில் தலை சுற்றுமே, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் எங்கே படுப்பீர்கள். திட்டிக்கொண்டே, சொல்லச் சொல்லக் கேட்காமல், காய்ச்சலோடு பெரிய ரோட்டுவரை வந்தார். எங்களை வரிசையாக ஏற்றினார். பஸ் புறப்பட்டதும் நாங்கள் எல்லாரும் யன்னல்களால் கையை நீட்டி ஆட்டினோம்.

"கைய உள்ள எடுங்க!" என்று ரோட்டோரத்தில் நின்று கத்தினார். "கைய உள்ள எடுங்க, எதுக்கால வண்டி வருது!"

அந்த மனிதர் சொல்லி நாங்கள் ஒன்றையும் தட்டியதில்லை. ஆனால் அன்றைக்கு, வளைவு திரும்பி அவர் மறையும்வரை, நான் கையை எடுக்கவில்லை.